ஒற்றைப்படை பிளேட்டுகள்

ஆம்பூர்,
24-1-1951

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு, தம்பி அரங்கநாதன் வணங்கி எழுதுவது. நானும் மகள் பூரணியும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலமும் அண்ணி, பையன்கள் நலமும் அறிய ஆவல்.

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறானே, என்ன கேட்கப்போகிறானோ என்று நினைப்பீர்கள். கேட்கத்தான் போகிறேன்.

இங்கே பஜாரில் பழைய கிராமபோன் பிளேட் வாங்கி விற்கிற கடை நடத்துகிறேன். மைக் செட்காரர்கள், தோல் பதனிடுகிற ஷாப்பில் வாரக்கூலி வாங்குகிறவர்கள், கவாலி கேட்கிற சாயபுமார்கள் என்று ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்துல் ஹமீத் சாயபு என்று தோல் மண்டிக்காரர் ஒருவர். நாடக செட் மட்டும்தான் வாங்குவார். செட்டில் ஒரு பிளேட் குறைந்தாலும் கையால் தொடமாட்டார். அவர் போன வாரம் 'செங்கமல நாச்சி நாடகம்' எட்டு பிளேட்டும் கிடைக்குமா என்று கேட்டார். நம் அப்பா ஆற்காட்டில் வாங்கிவந்த அதே செட்.

பாகம் பிரித்தபோது 2, 4, 6, 8 எனக்கு வந்தது. 1, 3, 5, 7 உங்களிடம் இருக்கிறது. சேர்த்துக் கொடுத்தால் நூற்றிருபது ரூபாய் தருகிறேன் என்கிறார். சரிபாதி உங்களுக்கு. உங்கள் அபிப்பிராயம் எழுதுங்கள்.

பூரணிக்குக் குடியாத்தத்தில் இடம் அமைந்திருக்கிறது. லுங்கித் தறி வைத்திருக்கிற குடும்பம். ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள்.

தங்கள் தம்பி,
அரங்கநாதன்

*

விரிஞ்சிபுரம்,
2-3-1951

அரங்கநாதனுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. கரும்பு வெட்டு இருந்ததால் உடனே எழுதவில்லை. உன் சம்சாரம் கமலம் தவறிய செய்தி அப்போது எனக்கு எட்டாம் நாள்தான் வந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதை இப்போது பேசிப் பிரயோஜனம் இல்லை.

பிளேட் விஷயம். பெரிய மனிதர்கள் முன்னால் பாதி என்றால் எல்லாவற்றிலும் பாதி என்று சொன்னவன் நான். அண்டா, ஏர், எருமை எல்லாம் பாதியானபோது நாடகமும் பாதியாக வேண்டியதுதானே. ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நாலும் பரணில் பத்திரமாக இருக்கின்றன. மேலே சாமான் ஜாஸ்தி. ஒரே நாளில் எடுக்க முடியாது. அணைக்கட்டிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு லாரி உங்கள் ஊர்த் தோல் ஷாப்புக்கு வருகிறது. டிரைவர் தெரிந்தவன். ஒவ்வொன்றாக எடுத்து அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பணத்துக்காக அல்ல.

பரந்தாமன்

*

ஆம்பூர்,
12-3-1951

அண்ணா அவர்களுக்கு நமஸ்காரம். சுகம். அண்ணிக்கு அந்தப் பழைய முட்டிவலி தேவலையா?

கடிதம் கண்டு சந்தோஷம். அவசரம் இல்லை, நிதானமாகவே எடுங்கள். பரணில் ஏறும்போது பையன்களை ஏணி பிடிக்கச் சொல்லுங்கள்.

கமலம் போனபோது சொல்லி அனுப்பாதது தப்புதான். அப்போது எனக்குக் கைகால் ஓடவில்லை என்று சொல்லலாம். அது முழு நிஜம் இல்லை. உங்கள் மேல் கோபமாகவும் இருந்தேன்.

பூரணி முகூர்த்தம் ஆவணி 21 வியாழக்கிழமை என்று நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா பஞ்சாட்சரம் என்பவர். நல்ல மனிதர், கொஞ்சம் கறார். அன்றைக்கு என்னிடம், "பொண்ண யாருங்க தாரை வார்த்துக் குடுக்குறது? உங்க வகையில ஒரு ஜோடி நிக்கணுமே?" என்று கேட்டார். கமலம் இல்லாமல் நான் தனியாளாக நிற்க முடியாது. கமலத்தின் தம்பி மூர்த்தி, தானும் தன் சம்சாரமும் மணையில் உட்காருவதாகச் சொல்கிறான். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிளேட்டை அனுப்பும்போது இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டவும். பட்டை மூட்டைக்கு அடியில் போட்டால் உடைந்துவிடும்.

தங்கள் தம்பி,
அரங்கநாதன்

*

விரிஞ்சிபுரம்,
9-4-1951

அரங்கநாதனுக்கு ஆசீர்வாதம். சுகம். உன் அண்ணிக்கு முட்டி அப்படியேதான்.

லாரியில் 1, 3 இரண்டும் வருகின்றன. அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். எனக்கும் தெரியும். மற்ற இரண்டும் பரணில் பின்பக்கமாகப் போயிருக்கின்றன. எடுத்ததும் வரும்.

மூர்த்தி தாய்மாமன். அவனுக்கு அவன் முறை இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. உன் வீட்டுக் கல்யாணம்.

பரந்தாமன்

*

ஆம்பூர்,
16-4-1951

தோஸ்த் சின்னசாமிக்கு, அரங்கநாதன். உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் சுகம்தானே? லாங் பஜாரில் உன் பிளேட் கடை எப்படி ஓடுகிறது?

ஒரு விஷயம், உன்னோடு இருக்கட்டும். அண்ணன் எனக்கு 'செங்கமல நாச்சி' செட்டில் இரண்டு பிளேட் அனுப்பியிருக்கிறார். மூன்றாம் நம்பரைப் போட்டுக் கேட்டேன். அதில் பபூன் தும்முகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பிளேட்டில் அந்த இடத்தில் கீறல். ஊசி அங்கேயே சுற்றும், பபூன் தும்மிக்கொண்டே இருப்பான். யாராவது எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைத்தால்தான் நிறுத்துவான். சின்ன வயதில் நானும் அண்ணனும் நீ போ நான் போ என்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

நேற்று அவன் ஒரே ஒரு தும்மல் தும்மிவிட்டு மேலே வசனம் பேசப் போய்விட்டான். இது எங்கள் பிளேட் இல்லை. அண்ணன் எங்கேயோ விலைக்கு வாங்கி, பரணில் இருந்தது என்று அனுப்பியிருக்கிறார். வேலூர்ப் பக்கம் நாடக பிளேட் விற்கிறவன் நீ ஒருவன்தான். உன்னிடம் வந்தாரா?

உனக்குத் தெரியும், பூரணியைத் தாரை வார்க்க அண்ணனும் அண்ணியும் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. நேரே கேட்க வாய் வரவில்லை. கேட்டு அவர் மாட்டேன் என்றுவிட்டால் அதோடு முடிந்தது. பிளேட் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் பேச்சு இருக்கிறது.

அரங்கநாதன்

*

வேலூர்,
20-4-1951

அரங்கநாதா, நாங்கள் எல்லாரும் சுகம். கடை ஓடவில்லை, உட்கார்ந்திருக்கிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் எழுத்தைப் படித்தாலே தெரிகிறது. தும்மலைக் கணக்கெடுக்க உனக்குப் பொழுது இருக்கிறதே!

வந்தாரப்பா உங்கள் அண்ணன். மூன்று தடவை வந்தார். தலையில் துண்டு, கையில் குடை. நான் உனக்கு சிநேகிதன் என்று அவருக்குத் தெரியாது. "ஒரு சிநேகிதருக்கு வேணும், ஒத்தப்படை நம்பர் மட்டும் போதும்" என்றார். இப்படி நாடகம் வாங்குகிற ஆளை நான் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை. மூன்றாம் நம்பர் என்னிடம் வாங்கினார். ஒன்றாம் நம்பர் ஆரணி டூரிங் கொட்டகைக்காரனிடம் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். வெயிலில் பஸ் ஏறி ஆரணிக்கே போயிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிளேட் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொன்னால் மனசு கஷ்டப்படாதே. 44-இல் யுத்தத்தால் பிளேட் செய்கிற அரக்குக்குத் தட்டுப்பாடு. பழைய பிளேட் நாலு கொண்டுவந்து போட்டால்தான் புதுசு ஒன்று விலைக்குத் தருவார்கள். உருக்கிப் புதுசு செய்ய. நான் அப்போது வேறொரு கடையில் கூலிக்கு நின்றேன். உங்கள் அண்ணன் நாலையும் கொண்டுவந்து போட்டுவிட்டு நாதஸ்வர பிளேட் ஒன்று வாங்கிப் போனார். ஒற்றைப்படை நம்பராக இருக்கிறதே என்று நானே கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னா பண்ணப் போறே? கேட்டுடாதே, மனுஷன் நொந்துடுவார்.

சின்னசாமி

*

ஆம்பூர்,
15-5-1951

சின்னசாமிக்கு, இங்கே சுகம். உன் பையனுக்கு அம்மை இறங்கிவிட்டதா?

ஐந்தாம் நம்பர் போன மாசக் கடைசியில் வந்தது. மதராஸுக்கு ஆள் விட்டு வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது, உறையில் மூர் மார்க்கெட் வாசனை அடிக்கிறது. "பரணில் எலி கடித்திருந்த மூட்டைக்குள் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்குப் பொய் எழுதத் தெரியாது. எழுத்து கோணுகிறது.

இன்னொன்று. ஹமீத் சாயபு சித்திரையிலேயே மதராஸில் முழு செட் வாங்கிவிட்டார். "மாஃப் கரோ பாய், மன்னிச்சுக்கோ" என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்போது இதற்கு வாங்குகிற ஆளே இல்லை. அண்ணனுக்கு நான் எழுதவில்லை. எழுதினால் ஏழாம் நம்பரைத் தேடுவதை விட்டுவிடுவார், கடிதமும் நின்றுபோகும்.

ஆனால் ஏழு எங்கேயும் கிடைக்கவில்லை என்று அவர் திண்டாடுவது எனக்குத் தெரிகிறது. இருபது நாளாகத் தகவல் இல்லை. எனக்கு இங்கே வாணியம்பாடியிலிருந்து வந்த மூட்டையில் ஒரு ஏழு கிடைத்தது. உனக்கு அனுப்புகிறேன். அவர் வந்தால் சாதாரண விலைக்குக் கொடு. அவர் அதை எனக்கு அனுப்பட்டும். எட்டும் சேர்ந்துவிட்டால், சேர்த்துக் கேட்கலாம் வாருங்கள் என்று கூப்பிடுவேன். வந்தால் அண்ணியிடம் பேச்சைத் தொடங்கலாம்.

நான் கொடுத்தது என்று மூச்சு விடாதே.

அரங்கநாதன்

*

வேலூர்,
2-6-1951

அரங்கநாதா, சுகம். பையனுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

உன் பிளேட்டை உன் அண்ணனுக்கு விற்றேன். ஏழாம் நம்பர் என்றதும் அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆனாலும் மனுஷன் விடவில்லை, "கம்மி பண்ணுங்க" என்று எட்டணாவுக்கு அரை மணி நேரம் நின்றார். குறைத்துக் கொடுத்தேன். நீ உன் சரக்கை அவருக்கு விற்று, அவர் அதை உனக்கே அனுப்பி, நீ வாங்க ஆள் இல்லாத செட்டில் சேர்த்து வைக்கப் போகிறாய். இப்படி ஒரு வியாபாரம் செய்தால் ரெண்டு பேரும் சீக்கிரம் கோடீஸ்வரன் ஆகிவிடுவீர்கள்.

போகும்போது, தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

சின்னசாமி

*

விரிஞ்சிபுரம்,
11-6-1951

அரங்கநாதனுக்கு,

ஏழாம் நம்பர் பிளேட்டை வேலூரில் விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து உறையிலிருந்து எடுத்தேன். உறையின் உள்பக்கம் ரப்பர் முத்திரை குத்தியிருக்கிறது. உன் பெயர், ஆம்பூர் பஜார்.

மறுநாளே வேலூர் போய்க் கேட்டேன். அந்தக் கடைக்காரன் தலையைச் சொரிந்தான், அப்புறம் எல்லாம் சொல்லிவிட்டான்.

சரி, நானும் சொல்கிறேன். கிராமபோன் பெட்டி என் பாகத்துக்கு வந்தது. ஒன்றாம் நம்பரைப் போட்டால் அடுத்து மூன்று. ராணியைக் காட்டுக்கு அனுப்புவது ஒன்றில், மூன்றில் அவள் ஏற்கெனவே வேறு ஊரில் இருக்கிறாள். எப்படிப் போனாள் என்று உன் அண்ணி கேட்பாள். பதில் உன் வீட்டில் இருந்தது. ஒரு வருஷம் பார்த்தேன். எடுத்துக்கொண்டுபோய் நாலையும் உருக்கப் போட்டுவிட்டேன். ஊரைக் கூட்டி வாங்கிய பாகத்தை இப்படிச் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஊர் ஊராக அலைந்தேன்.

நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கடைக்காரனும் நீயும் பேசிச் சிரித்துக்கொண்டு என்னை அலையவிட்டிருக்கிறீர்கள். எட்டணாவுக்கு நான் நின்றது வரைக்கும் உனக்கு எழுதிவிட்டானாம். எனக்கு வயது நாற்பத்தொன்பது. என்னை வைத்து வேடிக்கை பார்த்தாய்.

பெண்ணை மூர்த்தியே தாரை வார்த்துக் கொடுக்கட்டும்.

பரந்தாமன்

*

ஆம்பூர்,
15-6-1951

அண்ணா அவர்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் கண்டேன். நீங்கள் சொல்வதில் ஒன்றும் தப்பில்லை. நான் வேடிக்கை பார்க்கவில்லை என்று மட்டும் நம்புங்கள். சிரித்தோம், அது நிஜம். மன்னித்து இரண்டு வரி எழுதுங்கள்.

அரங்கநாதன்

*

ஆம்பூர்,
10-7-1951

அண்ணா அவர்களுக்கு, தம்பி அரங்கநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கேயும் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும்.

மூன்று வாரமாக உங்கள் பதிலுக்குப் பார்த்தேன். வராது என்று தெரிந்த பிறகு எழுதுகிறேன். இதில் வியாபாரம் ஒன்றும் இல்லை. ஹமீத் சாயபு சித்திரையிலேயே வேறு செட் வாங்கிவிட்டார். அதையும் உங்களிடம் மறைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எட்டு வருஷமாக ஊர் உங்களைத்தான் சிரித்தது. பாதி என்று கேட்டது நீங்கள். ஆனால் முதல் நாலை நீ எடுத்துக்கொள், கடைசி நாலு எனக்கு என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். ஒன்று விட்டு ஒன்றாகப் பிரியுங்கள் என்று பெரிய மனிதர்களிடம் சொன்னவன் நான். சரிசமமாக வரும் என்று காரணம் சொன்னேன். நிஜக் காரணம், நீங்கள் அதைப் போட்டுக் கேட்கக்கூடாது என்பதுதான். எனக்கும் கிடைக்காமல் போனால் போகட்டும் என்று இருந்தது. நீங்கள் உருக்கப் போட்டது நான் கெடுத்துக் கொடுத்ததைத்தான். நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விரிஞ்சிபுரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தை மாசமே வந்து வாசலில் நின்று கேட்டிருக்கவேண்டும். பயந்துகொண்டு பிளேட்டைப் பற்றி எழுதினேன். மாசக்கணக்கில் உங்களை ஆரணிக்கும் வேலூருக்கும் அலையவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். அண்ணா, நீங்களும் அண்ணியும் வந்து பூரணியைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். மூர்த்தியிடம் நான் இன்னும் சரி சொல்லவில்லை, சொல்லவும் மனம் வரவில்லை. பஞ்சாட்சரம் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார். ஆடி பிறந்ததும் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும். நகல் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீங்கள் அழைப்பதாகவே எழுதியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் புரிந்துகொள்கிறேன்.

தங்கள் தம்பி,
அரங்கநாதன்

*

விரிஞ்சிபுரம்,
26-7-1951

சிரஞ்சீவி அரங்கநாதனுக்கும் பூரணிக்கும் அநேக ஆசீர்வாதம். நாங்கள் சுகம்.

உன் கடிதம் வந்து பதினாலு நாள் ஆகிறது. முதல் நாலு நாள் நான் அதை உன் அண்ணியிடம் காட்டவில்லை. ஒன்று விட்டு ஒன்று என்று சொன்னது நீதான் என்பது எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்தாயா? அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தபோதே தெரியும். எட்டு வருஷம் நீ அதைச் சொல்லுவாயா என்று பார்த்தேன்.

அந்த வேலூர்க்காரனுக்கும் பத்திரிகை வை. ஆனால் என் பக்கத்தில் உட்காரவைக்காதே.

ஏழாம் நம்பரை நான் அனுப்பமாட்டேன். விலை கொடுத்து வாங்கியது. கேட்கவேண்டும் என்றால் கல்யாணம் முடிந்து நீ பாக்கி ஏழு பிளேட்டையும் எடுத்துக்கொண்டு இங்கே வா. பெட்டிக்குப் புது ஸ்பிரிங் போட்டு வைக்கிறேன். ராணி எப்படி அந்த ஊருக்குப் போனாள் என்று இவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் பாசஞ்சரில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு ஆள் வேண்டாம், நீ வா. இவளுக்கு முட்டி வலியில் தாழ உட்கார முடியாது, மணையை மட்டும் கொஞ்சம் உயரமாகப் போடச் சொல்.

பத்திரிகை நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் பெயருக்குக் கீழே "எனது இளைய சகோதரர் அரங்கநாதன் குமாரத்தி" என்று எழுதியிருந்தாய். இவள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்று தடவை படித்தேன். "நமக்குப் பொண்ணே இல்ல. ஒரே ஒரு தடவ தாரை வார்க்கப் போறோம். அதுலயும் யார் வூட்டுப் பொண்ணோன்ற மாதிரி இன்னாத்துக்கு எழுதியிருக்கான் உங்க தம்பி?" என்று அழுதாள். என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு "எங்கள் குமாரத்தி" என்று எழுதியிருக்கிறேன். அப்படியே அச்சடிக்கக் கொடு.

உன் அண்ணன்,
பரந்தாமன்